மறைந்திருந்தவர்கள் செய்ததையும் எழுதுங்கள்: யாத் வஷேம் நினைவகத்துக்கு ஒரு திறந்த மடல்

எருசலேமிலுள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமின் ஆட்சிக்குழுவினருக்கும், ‘உலக மக்களுள் நீதிமான்’ என்ற பட்டத்துக்கு உரியோரைத் தேர்ந்தெடுக்கும் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாஜிகளின் பிடியிலிருந்த ஐரோப்பாவில் யூதர்களைக் காப்பாற்றிய பிற மக்களைத் தேடிக் கண்டறிந்து, சாட்சியங்களை ஒப்புநோக்கி, அவர்களுடைய பெயர்களைக் கல்லில் பொறிக்கும் பணியை உங்கள் ஆணையம் 1963ஆம் ஆண்டிலிருந்து செய்துவருகிறது. இதுவரை 28,000-க்கும் மேற்பட்டோர் அப்பட்டத்தைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களுள் போலந்து நாட்டினர் 7,000 பேருக்கு மேல், நெதர்லாந்து நாட்டினர் ஏறத்தாழ 6,000 பேர். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் கைம்மாறு கருதாமல் உதவியவர்களை மட்டுமே ஏற்பது என்ற உங்கள் கண்டிப்பில் நான் குறை காணவில்லை. பட்டத்தின் வரையறையை மாற்றுங்கள் என்றும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு பதிவேடு திறக்கப்பட வேண்டும் என்பதே என் விண்ணப்பம்: தம் மக்களை ஒளித்துவைக்கும் வேலையை முன்னின்று நடத்திய யூதர்களுக்கும், ஒளிந்திருந்த காலத்தில் தங்களையும் பிறரையும் உயிரோடு வைத்திருக்க உழைத்த குடும்பங்களுக்கும் உரிய பதிவேடு.

இதைத் தமிழில், பலரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களில் பெரும்பாலோருக்கு இந்த வரலாறு ஆம்ஸ்டர்டாம் நகரில் பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில், ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதி வழியாகவே வந்து சேர்ந்தது. எட்டுப் பேர் மேலே ஒளிந்திருந்தார்கள். கீழே பணிபுரிந்த சிலர் துணிவோடு அவர்களுக்கு உணவு கொண்டுவந்தார்கள். 1944 ஆகஸ்ட் 4ஆம் தேதி பிடிபட்டார்கள். உண்மைதான். ஆனால் இப்படிக் கேட்டவர் மனத்தில் பதிவது, செயல்படுகிற சிலரும் காத்திருக்கிற சிலரும் என்ற படமே. ஆனின் தந்தை ஓட்டோ ஃபிராங்க் தம் நிறுவனங்களைப் பறிமுதலிலிருந்து காக்க அவற்றை நம்பிக்கைக்குரிய சக ஊழியர்களின் பெயருக்கு முன்கூட்டியே மாற்றியதும், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தட்டுமுட்டுச் சாமான்களையும் உணவுப் பொருள்களையும் அந்தப் பின்கட்டில் சேர்த்துவைத்ததும், 1942 ஜூலை 5ஆம் தேதி மூத்த மகள் மார்கோட்டுக்கு வேலை முகாமுக்குப் புறப்படும்படி நாஜிகளின் அழைப்பாணை வந்த மறுநாள் காலையிலேயே குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர முடிந்ததற்கு இந்த ஏற்பாடுகளே காரணம் என்பதும் அந்தப் படத்தில் இடம்பெறுவதில்லை. உலகிலேயே அதிகம் அறியப்பட்ட மறைவிடத்துக்கே இந்த நிலை என்றால், அறியப்படாதவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நெதர்லாந்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே ஒளிந்திருப்பது எவ்வளவு அரிதாகவே கைகூடியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் வாழ்ந்த நாடு அது. அவர்களுள் 1,07,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சுமார் 5,000 பேர். ஒளிந்துகொண்டவர்கள் 25,000 முதல் 28,000 வரை இருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பிடிபட்டார்கள். யூதர் என்பதைக் குறிக்கும் எழுத்து முத்திரையிட்ட, எளிதில் போலி செய்ய முடியாத அடையாள அட்டை. துல்லியமான மக்கள்தொகைப் பதிவேடு. மலையோ பெருங்காடோ இல்லாத சமவெளி. பங்கீட்டு அட்டை இல்லாமல் ரொட்டிகூட வாங்க முடியாத நிலை. இவை போதாவென்று, 1943ஆம் ஆண்டில் ஹென்னெய்க்கெ குழு என்று அறியப்பட்ட உள்ளூர் ஆள்பிடிப்பாளர்கள் தலைக்கு ஏழரை கில்டர் வெகுமதிக்காக வீடு வீடாகத் தேடி, சில மாதங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். இத்தகைய நாட்டில் ஒரு குடும்பம் ஒளிய வேண்டுமானால் யாரோ ஒருவர் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. அந்தக் கதவு எது என்று கண்டறிந்து சொல்பவர், அங்கே அழைத்துச் செல்பவர், அட்டை சேகரிப்பவர், அந்த வீடு ஆபத்தானதும் அடுத்த வீட்டைத் தேடுபவர் என்று பலர் வேண்டும். அவர்களுள் பலர் யூதர்கள்.

ஆம்ஸ்டர்டாமில் பிளாண்டாஜ மிடன்லான் தெருவில் ஹோலான்ட்ஸ சௌபுர்க் என்ற நாடக அரங்கம் இருந்தது. 1942 ஜூலையிலிருந்து, நாடு கடத்தப்பட வேண்டிய யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக ஜெர்மானியர் அதை மாற்றினார்கள். கூட்டமும் அழுகையும் பொறுக்காமல், குழந்தைகளை மட்டும் தெருவின் எதிர்ப்புறமிருந்த யூதக் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். காப்பகத்தின் தலைவி ஹென்றியெட் பிமெண்டெல், அறுபது வயதைக் கடந்த யூதப் பெண்மணி. அரங்கில் பதிவு வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் வால்டர் சூஸ்கிண்ட், ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். இவரும் பெலிக்ஸ் ஹால்வர்ஸ்டாடும் அட்டைகளிலிருந்து குழந்தைகளின் பெயர்களை மறையச் செய்தார்கள். காப்பகத்தின் அருகிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் யோஹன் வான் ஹுல்ஸ்ட், பின்தோட்டத்தின் வழியாகக் கைமாற்றப்பட்ட குழந்தைகளைத் தம் கட்டடத்தில் ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து மாணவர் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள் அவர்களை மாகாணங்களுக்குக் கொண்டு சென்றார்கள். எதிரே நிற்கும் காவலனுடைய பார்வையை டிராம் வண்டி மறைக்கும் அந்தச் சில நொடிகளில் குழந்தையோடு வாசலைத் தாண்டி அதே டிராமில் ஏறிவிடுவதும் உண்டு. ஏறக்குறைய 600 குழந்தைகள் இவ்வாறு பிழைத்தார்கள்.

வான் ஹுல்ஸ்டுக்கு 1972இல் நீங்கள் பட்டம் வழங்கினீர்கள். மிகப் பொருத்தமான செயல். பிமெண்டெல் 1943 ஜூலையில் பிடிக்கப்பட்டு, அந்தச் செப்டம்பரில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்டின் மனைவியும் மகளும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அவரும் 1945 பிப்ரவரிக்குப்பின் உயிரோடு இல்லை. உங்கள் நினைவகத்தில் இவர்கள் கொல்லப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள், காப்பாற்றியோர் பட்டியலில் இல்லை. ஒரே வேலையை ஒரே தெருவில் சேர்ந்து செய்தவர்களைப் பிறப்பைக் கொண்டு இரண்டு ஏடுகளில் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது என்பது உங்கள் சட்டத்தின் விளைவே தவிர யாருடைய தீய எண்ணமும் அன்று என்பதை நான் அறிவேன். ஆனால் விளைவு விளைவுதானே.

அந்தக் காப்பகத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள்: பதின்ம வயது கடந்தும் கடவாமலும் இருந்த யூதப் பணிப்பெண்கள். அவர்களுடைய வேலைகளில் மிகக் கொடியது, தெருவைக் கடந்து அரங்குக்குப் போய், அங்கே காத்திருக்கும் பெற்றோரிடம் குழந்தையை விட்டுக்கொடுக்கச் சம்மதம் கேட்பது. ரயில் எப்போது புறப்படும் என்று உறுதியாகத் தெரியாது. எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. குழந்தை எந்த ஊரில் யாரிடம் வளரும் என்று சொல்லவும் கூடாது. யோசிக்கப் பெற்றோருக்குச் சில மணிநேரம் கிடைத்தால் அதிகம். மறுத்தவர்கள் பலர், அவர்களைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இசைந்தவர்களுள் சில தாய்மார், போர்வையில் சுற்றிய பொம்மையைக் கையில் ஏந்தியபடி வண்டி ஏறினார்கள், எண்ணிக்கை குறைவது காவலருக்குத் தெரியக்கூடாதே என்பதற்காக. அந்தப் பொம்மையை ஏந்தி நடந்த பெண்ணை நாம் எந்த வகையில் சேர்ப்பது? காப்பாற்றப்படாதவர் என்றா, காப்பாற்றியவர் என்றா? உங்களுடைய இப்போதைய ஏடுகளில் இரண்டாவது வகைக்கு அவர் வர வழியே இல்லை.

இருவர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவருக்கு மட்டும் பட்டம் என்ற இந்தக் கணக்கு மற்ற இடங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. லோஸ்ட்ரெக்ட் என்ற ஊரில் யூத இளைஞர் பயிற்சி இல்லம் ஒன்று இருந்தது. 1942 ஆகஸ்டில் அங்கிருந்த சுமார் 50 பேருக்கும் அழைப்பாணை வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தபோது, சில நாள்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஒளிய இடம் தேடியவர்களுள் முதன்மையானவர்கள் இருவர்: பள்ளி ஆசிரியர் யோப் வெஸ்டர்வீல், அந்த இல்லத்தின் வழிகாட்டிகளில் ஒருவரான யோவாகிம் சிமோன். வெஸ்டர்வீலை 1944 ஆகஸ்டில் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர் உங்கள் நீதிமான்களுள் ஒருவர். சிமோன் 1943 ஜனவரியில் பெல்ஜிய எல்லையில் பிடிபட்டு, விசாரணையில் எவரையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று சிறையிலேயே தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அவருக்கு அந்த ஏட்டில் இடமில்லை, அவர் யூதர்.

டிரென்ட மாகாணத்தின் நியூவ்லாண்ட கிராமத்தில் ஆர்னோல்ட் டௌவஸ் என்பவரும் மாக்ஸ் லியோன்ஸ் என்ற யூத இளைஞரும் சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்று, தயங்கும் குடியானவர்களிடம் வாதாடி, நூற்றுக்கணக்கான யூதர்களுக்கு இடம் பிடித்தார்கள். லியோன்ஸ் தம்மைப் புரோட்டஸ்டண்டு கிறிஸ்தவராகக் காட்டிக்கொண்டார். பிடிபட்டால் டௌவஸுக்குச் சிறையும் சாவும் காத்திருந்தன. லியோன்ஸுக்கு அவற்றோடு, அவர் யார் என்பது வெளிப்பட்டவுடனே தப்ப முடியாத ரயிலும் காத்திருந்தது. டௌவஸ் பட்டம் பெற்றார். கிராமத்தார்க்கும் கூட்டாகச் சிறப்புச் செய்தீர்கள். லியோன்ஸ் போர் முடிந்தும் பல்லாண்டுகள் வாழ்ந்தார், பட்டத்துக்கு வெளியே.

பெல்ஜியத்தில் யூதப் பாதுகாப்புக் குழு என்ற தலைமறைவு அமைப்பு 1942இல் தோன்றியது. ஹெர்ட்ஸ் யோஸ்பா, இவோன் யோஸ்பா தம்பதி அதை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர்கள், இருவரும் யூதர்கள். அது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை மடங்களிலும் விடுதிகளிலும் குடும்பங்களிலும் ஒளித்துவைத்தது. ஒளித்துவைத்தால் போதுமா? போர் முடிந்ததும் எந்தக் குழந்தை யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகக் குழந்தையின் உண்மைப் பெயர் ஒரு நோட்டிலும், போலிப் பெயர் இன்னொன்றிலும், தங்கியிருக்கும் முகவரி வேறொன்றிலும் எழுதி, அவற்றைக் குறியீட்டெண்களால் இணைத்து, நோட்டுகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். ஒரு நோட்டு நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் கையில் சிக்கினாலும் ஒரு குழந்தையும் அகப்படாது. தலைமறைவு அமைப்பொன்று இவ்வளவு பொறுமையோடு கணக்கு எழுதியது என்பதே என்னைப் பொறுத்தவரை அந்தக் காலத்தின் பெரிய வீரச் செயல்களுள் ஒன்று. குழந்தைகளை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆந்த்ரே கெலென் யூதரல்லாத ஆசிரியை. 1989இல் உங்கள் பட்டத்தைப் பெற்றார். அவரோடு ஒரே வீட்டில் தங்கி அதே வேலையைச் செய்த இடா ஸ்டெர்னோ யூதர். 1944 மே மாதம் கைதானார், எதையும் சொல்லவில்லை. இவ்விருவரையும் ஒரே பக்கத்தில் எழுதும் ஏடு உங்களிடம் இன்று இல்லை.

பிரான்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், சான்றுகள் உங்களிடமே மிகுதி. நீஸ் நகரில் டமாஸ்கஸிலிருந்து வந்த யூதர் மூஸா அபாதியும், மருத்துவர் ஓதெத் ரோசன்ஸ்டாக்கும் ஆயர் போல் ரெமோனின் துணையோடு 527 குழந்தைகளை ஒளித்துவைத்தார்கள். ஆயர் நீதிமான். சுவிட்சர்லாந்து எல்லைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்ற மரியான் கோன், 1944 மே இறுதியில் அவர்களோடு பிடிபட்டார். தப்பிக்க வழி செய்து தருகிறோம் என்று தலைமறைவுப் போராளிகள் சொன்னபோது, தாம் தப்பினால் குழந்தைகள்மேல் பழி தீர்ப்பார்களே என்று மறுத்தார். ஜூலையில் கொல்லப்பட்டார், வயது 21. அந்தக் குழந்தைகளைப் பிழைக்கவைத்த அன்மாஸ் நகர மேயர் ழான் தெஃபோ நீதிமான். மேயரின் பெயர் உங்கள் ஏட்டில் நிற்பதற்கும், அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பதினைந்து வயது மாணவிக்கு நான் எப்படி விளக்குவேன்?

இதுவரை சொன்னவர்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். அமைப்பேதும் இல்லாமல் தங்கள் குடும்பமே அமைப்பாக நின்றவர்களும் உண்டு. இன்றைய மேற்கு உக்ரைனில் ஸ்டெர்மர் குடும்பத்தாரும் உறவினர்களும் அயலாரும் 1942 அக்டோபரில் முதலில் வெர்தெபா குகைக்குள் இறங்கினார்கள். அங்கே கண்டுபிடிக்கப்பட்டதும் 1943 மே மாதத்தில், பாதிரியார் குகை என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இன்னொரு குகைக்குப் போனார்கள். 344 நாள்கள் அதற்குள் இருந்தார்கள். ஆண்கள் இரவில் மட்டும் வெளியே வந்து தானியமும் விறகும் கொண்டுவந்தார்கள். குகைக்குள் ஏந்திரக் கல்லை இறக்கி மாவு அரைத்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், தூங்கும் நேரத்தை முறைப்படுத்தி உடல் வலுவைச் சேமித்தார்கள். ஊரார் சிலர் வாயிலை மண்ணால் அடைத்தபோது உள்ளிருந்தே வேறு வழி தோண்டினார்கள். 1944 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தபோது 38 பேர் உயிரோடிருந்தார்கள். வெளியிலிருந்து உதவியவர்கள் அங்கும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 38 உயிர்களைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால், குடும்பத்தின் தாய் எஸ்தர் ஸ்டெர்மரின் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். பெலருஸ் காடுகளில் சண்டையிடத் தெரியாத முதியவர்களையும் குழந்தைகளையும் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டு, சுமார் 1,200 பேரை விடுதலை நாள்வரை கொண்டுவந்து சேர்த்த பியல்ஸ்கி சகோதரர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பெர்லினில் நிலைமை வேறு. அங்கே காடும் இல்லை, குகையும் இல்லை. 1943 பிப்ரவரி 27ஆம் தேதி ஆலைகளில் வேலை செய்த யூதர்களைச் சுற்றிவளைத்த நாளையொட்டி, ஆயிரக்கணக்கானோர் யூதர் என்று காட்டும் அடையாளச் சின்னத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு நகரத்துக்குள்ளேயே மறைந்தார்கள். ஏறத்தாழ 6,500 பேர் அந்நகரில் தலைமறைவாயினர். போரின் இறுதியைக் கண்டவர்கள் சுமார் 1,700 பேர். பலர் ஒரே இடத்தில் நிலைத்து ஒளிந்திருக்கவில்லை. இன்று இங்கே, நாளை அங்கே என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். சியோமா ஷோன்ஹவுஸ் என்ற யூத இளைஞர், ஓவியப் பயிற்சி பெற்ற தம் கையால் பல பேருக்குப் போலி ஆவணங்கள் செய்து கொடுத்தார். ஒரு ஆவணத்தின் முத்திரை சரியாக விழாவிட்டால் அதைக் கொண்டுசெல்பவர் அன்றே மாண்டார் என்பதை நினைத்தால், அந்தக் கைவேலையை எந்தப் போர்க்களச் செயலுக்கும் குறைந்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்; பலரும் சங்கடப்பட்டு ஒதுக்கும் பகுதி இது. பணத்துக்காக மட்டுமே உதவியவருக்குப் பட்டமில்லை என்கிறது உங்கள் விதி. சரியான விதி. ஆனால் அதன் மறுபக்கமாக, ஒளிந்திருந்தவர்கள் கொடுத்த பணம் கதையிலிருந்தே காணாமற்போகிறது; கொடுத்தது தெரிந்தால் காப்பாற்றியவரின் பெருமை குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் சாட்சியங்களும் அதை மென்று விழுங்குகின்றன. வார்சாவில், யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவுக்கு வெளியே ஒளிந்திருந்த யூதர்கள் ஏறத்தாழ 28,000 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்கள் வாடகை கொடுத்தார்கள், மிரட்டிப் பணம் பறித்தவர்களுக்கும் கொடுத்தார்கள், நகையையும் துணியையும் விற்றுக் கொடுத்தார்கள். 1942 டிசம்பரில் உருவான ஜெகோத்தா என்ற உதவி மன்றம் தன் பொறுப்பிலிருந்தவர்களுக்கு மாதம் 500 ஸ்வோட்டி அளித்தது. அந்த மன்றத்தின் செயலர் ஆடால்ஃப் பெர்மான் ஒரு யூதர், துணைத்தலைவர் லியோன் ஃபைனரும் யூதர், அவர்களே தலைமறைவாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மார்க்கோவா கிராமத்தில் உல்மா குடும்பத்தார் எட்டு யூதர்களை வீட்டில் வைத்திருந்தார்கள். ஒளிந்திருந்த கோல்ட்மான் குடும்பத்து ஆண்கள் யூசெப் உல்மாவோடு சேர்ந்து தோல் பதனிட்டார்கள். 1944 மார்ச் 24ஆம் தேதி அந்த எட்டுப் பேரும், உல்மா தம்பதியும், அவர்களுடைய ஆறு குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து உழைத்தன என்று எழுதினால் உல்மாக்களின் தியாகம் இம்மியும் குறையாது. மாறாக, அவர்கள் எத்தகைய மனிதர்களைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன். முதலாவது சட்டம். உங்கள் நினைவகத்தை நிறுவிய 1953ஆம் ஆண்டு இஸ்ரேலியச் சட்டம் யூதர்களைக் காத்த பிற மக்களைச் சிறப்பிக்கச் சொல்கிறது. ஆம், அதே சட்டம் தம் மக்களுக்காக உயிர் கொடுத்த யூதர்களையும், படைகளிலும் கெட்டோக்களிலும் போரிட்ட யூதர்களையும் நினைவுகூரச் சொல்கிறது. ஆயுதம் ஏந்தியவர்களுக்கு ஆண்டுதோறும் விழாவும் பேச்சும் கிடைத்துவருகின்றன. ஆயுதம் இல்லாமல் அட்டை திருத்தியவரும், குழந்தையைத் தூக்கிச் சென்றவரும், மாவு அரைத்தவரும் இரண்டு பத்திகளுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள்.

இரண்டாவது, தன் இனத்தாரைக் காப்பது ஒருவருடைய கடமை, கடமைக்கு எதற்குச் சிறப்பு என்ற வாதம். கெட்டோவில் போரிட்டதும் கடமைதான், அதைப் போற்றுவதில் நமக்குத் தயக்கமில்லை. மேலும், கடமை என்று சொல்வதற்கு அதைச் செய்ய ஏதேனும் வசதி இருந்திருக்க வேண்டும். பிரின்சன்கிராக்ட் வீட்டில் கைதான உதவியாளர் இருவரும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, உயிர் மீண்டார்கள். ஒளிந்திருந்த எட்டுப் பேரில் மீண்டவர் ஒருவர். பிடிபட்டால் என்ன ஆகும் என்பதில் அவ்வளவு வேறுபாடு இருந்தும், பிறரைக் காக்க வெளியே நடமாடிய யூதர் கடமையை மட்டும் செய்தார் என்று என்னால் எழுத முடியாது.

மூன்றாவது வாதம் கடினமானது. சூஸ்கிண்ட், ஜெர்மானியர் தம் ஆணைகளை நிறைவேற்றுவதற்காக ஏற்படுத்திய யூத மன்றத்தின் ஊழியர். அவர் மறைத்த அட்டைகளுக்குப் பக்கத்திலேயே அவர் மறைக்காத, மறைக்க முடியாத அட்டைகள் இருந்தன. அக்காலத்தில் அவரைத் துரோகி என்று நினைத்தவர்களும் உண்டு, அவர்கள் அறிவிலிகள் அல்லர். காப்பகம் இழுத்து மூடப்பட்ட நாளில் நூறு குழந்தைகளுள் பன்னிரண்டு பேரைத்தான் வான் ஹுல்ஸ்டால் அழைத்துச் செல்ல முடிந்தது. யாரை எடுப்பது என்ற கேள்வியின் வேதனை அவரை வாழ்நாளெல்லாம் விடவில்லை. யூதர் அல்லாதவருக்கே அந்தத் தேர்வு அவ்வளவு கொடியதென்றால், தன் உறவினர் பெயரும் கிடக்கும் அட்டைப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தவரை எடைபோடுவது எளிதாக இராது. ஆனால் எளிதல்லாதவற்றை எடைபோடுவதற்காகத்தானே உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் தலைமையில் உங்கள் ஆணையம் அமைக்கப்பட்டது? நாஜிக் கட்சி உறுப்பினராகவும் போர்க்கால ஆதாயம் தேடிய ஆலை முதலாளியாகவும் இருந்த ஓஸ்கார் ஷிண்ட்லரின் வாழ்வை, அவரால் பிழைத்த மோஷே பெய்ஸ்கியே பின்னாளில் தலைமை வகித்த ஆணையத்தால் எடைபோட முடிந்ததென்றால், சூஸ்கிண்டின் வாழ்வையும் முடியும். சிலருக்கு இடமில்லை என்று முடிவானாலும் அந்த முடிவுக்கான காரணங்கள் எழுதப்பட்டிருக்கும்.

எல்லை எங்கே என்று கேட்பீர்கள். தன் குழந்தையைக் காத்த ஒவ்வொரு தாயையும் பதிவேட்டில் சேர்ப்பதா? இல்லை. தம் குடும்பத்துக்கு அப்பால் பிறருக்காக அபாயத்தை ஏற்றவர்கள், தப்பும் வாய்ப்பு இருந்தும் பிறருக்காக நின்றவர்கள் ஆகியோருக்குப் பெயர் சொல்லிச் சிறப்புச் செய்வது போதும். ப்னாய் ப்ரித் என்ற யூத அமைப்பு, நெதர்லாந்தில் ஒளித்துவைக்கப்பட்டுப் பிழைத்த ஹயீம் ரூட் தொடங்கிய குழுவோடு சேர்ந்து 2011ஆம் ஆண்டிலிருந்து இத்தகையோருக்குச் சான்றிதழ் வழங்கிவருகிறது. ஆகவே வரையறை வகுக்க முடியாது என்ற பேச்சு எடுபடாது. அந்தப் பணியைத் தனி அமைப்பு ஒன்று செய்வதற்கும், ஆவணங்களையெல்லாம் தன்னிடம் வைத்திருக்கும் தேசிய நினைவகம் செய்வதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியாததன்று.

குடும்பங்களுக்கு நான் கேட்பது பட்டமும் அன்று, பதக்கமும் அன்று. நீதிமான் ஒவ்வொருவருக்கும் உங்களிடம் ஒரு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்புக்கு அடிப்படை, பிழைத்தவரின் சாட்சியம். கதையாகச் சுருக்கி வெளியிடும்போது காப்பாற்றியவர் என்ன செய்தார் என்பதே வரியெல்லாம் நிரம்புகிறது. காப்பாற்றப்பட்டவர் என்ன செய்தார் என்பது ‘அவர்கள் இரண்டு ஆண்டுகள் அங்கே ஒளிந்திருந்தார்கள்’ என்று ஒரு வாக்கியமாகிவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளை விரித்து எழுதுங்கள். எத்தனை வீடு மாறினார்கள், அட்டை எங்கிருந்து வந்தது, யார் பணம் கொடுத்தது, பல்வலிக்கும் பிரசவத்துக்கும் என்ன செய்தார்கள், இறந்தவரை எங்கே புதைத்தார்கள், குழந்தையை இருமாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் சாட்சியங்களில் கிடக்கின்றன. வார்சாவில் ஒரு தோட்டத்தின் கீழே தோண்டிய நிலவறையில் மனைவியோடும் மகனோடும் ஒளிந்திருந்த வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கெல்ப்ளூம், முப்பதுக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்த அந்த இடத்தில் உட்கார்ந்து, போலந்தியருக்கும் யூதருக்கும் இடையிலான உறவைப் பற்றிய வரலாற்று ஆய்வை எழுதினார். அவரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்காக ஒரு போலந்து ரயில் ஊழியரும் ஷோஷானா கொசோவர் என்ற யூதப் பெண்ணும் அவரை டிராவ்னிகி முகாமிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். 1944 மார்ச் 7ஆம் தேதி நிலவறை கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளிருந்தவர்களும், அவர்களைக் காத்த தோட்டக்காரர் மியேச்சிஸ்வாவ் வோல்ஸ்கியும் கொல்லப்பட்டார்கள். ஒளிந்திருந்தவர் ஒளிந்திருந்தபடியே வரலாறு எழுதிக்கொண்டிருந்தார் என்றால், அவரைப் போன்றோரின் நாள்களை ஒரு வாக்கியத்தில் அடைப்பது வரலாற்றாசிரியர்களாகிய உங்களுக்கு அழகாகாது.

ஆகவே, சூஸ்கிண்ட், பிமெண்டெல், சிமோன், ஸ்டெர்னோ, கோன் போன்ற, உங்கள் சொந்தக் கோப்புகளிலேயே மற்றவரின் கதைக்குள் பெயர் வரும் யூதர்களிலிருந்து இந்தப் பதிவேட்டைத் தொடங்குங்கள். புதிதாக ஆதாரம் தேடி அலைய வேண்டிய தேவை முதல் சில ஆண்டுகளுக்கு இராது. இணையத்தில் நீங்கள் வெளியிட்டுள்ள நீதிமான்களின் கதைகளில், இணைந்து செயல்பட்ட யூதரின் பெயர் தெரியுமிடத்தில் அதைச் சேருங்கள். அன்று பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளாக ஒளித்துவைக்கப்பட்டவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள், சிலர் தொண்ணூறையும். அவர்களில் எவரிடமாவது இன்னும் நீங்கள் சாட்சியம் பெறுவதாக இருந்தால், உங்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியோடு நிறுத்தாமல், அந்த வீட்டு வாசல்வரை உங்கள் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் யார், அவரிடம் உங்களை ஒப்படைத்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் இந்த ஆண்டே படிவத்தில் சேர்த்துக் கேளுங்கள்.

பணிவுடன்,
வரலாறு பயிலும் ஒரு தமிழ் வாசகன்